பலவீனமான ஜோடியோடு டிஃபென்ஸ் ஆடுவது எப்படி? ஐஸ் ஹாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐஸ் ஹாக்கியில் கோலியை (வலையைக் காப்பவர்) விட்டுவிட்டால் ஒரு அணிக்கு ஐந்து பேர் ஐஸில் இருப்பார்கள். மூன்று பேர் ஃபார்வர்டு, இரண்டு பேர் டிஃபென்ஸ். அந்த இரண்டு பேரில் ஒருவர் நன்றாக ஆடுகிறார், இன்னொருவர் தடுமாறுகிறார் என்றால் நன்றாக ஆடுபவர் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம். பொழுதுபோக்கு லீக்கில் ஆடுபவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

என் ஜோடி என்னைவிட ரொம்பவே பலவீனம். அவர் பக்கத்தையும் நானே சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டுமா?

வேண்டாம். ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நன்றாக ஆடத் தெரிந்தவர் பலவீனமான ஜோடியோடு இறங்கியதும் முதலில் செய்வது, இரண்டு பேர் வேலையையும் தன் தலையில் போட்டுக்கொள்வது. அவர் பக்கத்து மூலையில் பக் (ஆட்டத்தில் அடிக்கும் தட்டையான ரப்பர் வட்டு) விழுந்தால் இவரும் ஓடுவார், அவர் பக்கம் ஆள் வந்தால் இவரும் பாய்வார். கொஞ்ச நேரம் அது பலன் தருவது போலவே இருக்கும். அப்புறம் எதிரணி கவனித்துவிடும்: ஒரு மூலையில் பக்கைப் போட்டால் இரண்டு டிஃபென்ஸும் அங்கேயே போய்விடுகிறார்கள், வலைக்கு முன்னால் ஆளே இல்லை. அதற்குப் பிறகு வருகிற கோல்களுக்கு உங்கள் ஜோடி மேல் பழி போடவே முடியாது.

தடுமாறுகிற ஒருவருக்கு உங்களிடமிருந்து முதலில் தேவைப்படுவது, நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்பது திரும்பிப் பார்க்காமலே தெரிவது. மூலையில் இரண்டு பேர் நெருக்கும்போது அவருக்குத் தலை தூக்கிப் பார்க்க அவகாசம் கிடையாது; வலைக்குப் பின்னால் அடித்தால் அங்கே நீங்கள் இருப்பீர்கள் என்று தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பார். நீங்கள் ஒரு தடவை வலை முன்னால், ஒரு தடவை நீலக்கோட்டில் (மைதானத்தை மூன்று பகுதியாகப் பிரிக்கும் இரண்டு கோடுகளில் ஒன்று), ஒரு தடவை அவர் தோளுக்குப் பக்கத்தில் என்று அலைந்தால், அவருக்கு இருக்கிற கொஞ்சத் திறமையும் பயன்படாமல் போகும். அதனால் கீழே வருகிற பதில்கள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் உங்கள் ஆட்டத்தை எளிமையாக்குவது பற்றித்தான் இருக்கும், எரிச்சலாக இருந்தாலும்.

ஆனால் அவரை ஏமாற்றிவிட்டுப் போகப்போகிறான் என்று தெரிந்தே எப்படி நிற்பது?

நிற்கச் சொல்லவில்லை, எங்கே நிற்பது என்பதுதான் கேள்வி. பக் அவர் பக்கம் இருக்கும்போது உங்கள் இடம் நடு. மைதானத்தின் நீளவாக்கில் முகாடல் (நடுவர் பக்கைக் கீழே போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) புள்ளிகளை இணைத்து இரண்டு கோடு இழுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில், அவரைவிட ஓரிரு அடி வலைப் பக்கமாக. அங்கிருந்து அவர் தோற்றாலும் நீங்கள் பிடிக்கலாம், பக் திடீரென்று உங்கள் பக்கம் வந்தாலும் போகலாம்.

அவரை வெளிப்பக்கமாக ஒருவன் கடந்து போய்விட்டான் என்று வையுங்கள். நீங்கள் அவனை நோக்கி நேராகப் பாயக் கூடாது. வலையின் அந்தப் பக்கத்துக் கம்பத்தை நோக்கிச் சரிந்து போங்கள், அவன் உள்ளே வெட்டிக்கொண்டு வரும் வழியை அடையுங்கள். வெளிப்பக்கத்திலேயே வைத்துவிட்டால் அவனுக்கு மிச்சம் இருப்பது மோசமான கோணத்தில் ஒரு ஷாட், அது கோலியின் வேலை. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏமாந்த உங்கள் ஜோடி, பக்கோடு போகிறவனைப் பின்னாலிருந்து துரத்தாமல், நேராக வலை முன்னால் வந்து நீங்கள் விட்டுவிட்டு வந்த இடத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். இதை ஆட்டத்துக்கு முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 'நீ ஏமாந்தா வலைக்கு வா, அவனை நான் பாத்துக்கறேன்.' இவ்வளவுதான். பலவீனமான ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் ஏமாந்ததும் வெட்கத்தில் துரத்துகிறார்கள், ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுத்து, தண்டனையாக இரண்டு நிமிடம் வெளியே உட்கார்கிறார்கள்; போக ஒரு இடம் சொல்லி வைத்தால் அந்தப் பழக்கம் தானாகவே குறையும்.

எந்தப் பக்கம் யார் ஆடுவது?

வழக்கமாக இடது கைப் பிடிக்காரர் இடது பக்கம், வலது கைப் பிடிக்காரர் வலது பக்கம். அப்படி ஆடினால் போர்டு (மைதானத்தைச் சுற்றியுள்ள சுவர்) ஓரமாக வரும் பக் முன்கைக்கு வரும், நீலக்கோட்டில் அதைப் பிடித்து வைப்பதும் சுலபம். இரண்டு பேரும் ஒரே பிடி என்றால் ஒருவர் மாற்றுப் பக்கம் ஆடியே ஆக வேண்டும், அந்த ஒருவர் நீங்கள்தான். சுவரோரம் வரும் பக்கைப் பின்கையில் பிடித்துத் திரும்புவது நல்ல ஆட்டக்காரருக்கே தொல்லை. அதை அவரிடம் தள்ளிவிட்டு அப்புறம் ஏன் விடுகிறார் என்று கேட்பதில் நியாயம் இல்லை.

ஒரு விதிவிலக்கு. அவர் எந்தப் பக்கம் திரும்பித் தடுமாறுகிறார் என்று சூடேற்றும்போதே பாருங்கள். பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே இருந்து முன்னோக்கித் திரும்புவது பலருக்கு ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுங்காக வரும். அது வெளிப்பக்கம் திரும்பும்போது வராத திசையாக இருந்தால், பக்கத்தை மாற்றிப் பார்ப்பது தப்பில்லை.

பக்கை அவருக்குப் பாஸ் செய்யலாமா, நானே வைத்துக்கொள்ளட்டுமா?

செய்யுங்கள், ஆனால் நல்ல பக்கைக் கொடுங்கள். உங்களை ஆள் நெருக்கும்போது 'எடுத்துக்கோ' என்று தள்ளிவிடுகிற பாஸ்தான் உலகத்திலேயே மோசமானது. பக்கும் எதிராளியும் ஒரே நேரத்தில் அவரிடம் போய்ச் சேர்வார்கள், மோதல் அனுமதிக்கிற லீக் என்றால் அடியும் வாங்குவார். உங்களுக்கே இடம் இல்லையென்றால் அவரைவிட நன்றாக ஸ்கேட் செய்கிற நீங்களே அந்தச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: போர்டோடு உடம்பை ஒட்டிப் பக்கைப் பாதுகாத்து நில்லுங்கள், இல்லை சுவரோரமாக விங்கருக்கு (ஓரத்தில் ஆடும் ஃபார்வர்டு) அடியுங்கள், அதுவும் முடியாவிட்டால் போர்டுக்கு மேலுள்ள கண்ணாடியில் படும்படி மேலே அடித்து வெளியே அனுப்புங்கள். கண்ணாடியைத் தாண்டி நேராக வெளியே போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட அமெரிக்காவின் பெரிய தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.-இல் 2005-06 பருவத்திலிருந்து, சொந்தப் பகுதியிலிருந்து அப்படி அடித்தால் இரண்டு நிமிடத் தண்டனை. வேறு பல லீக்குகளிலும் அப்படித்தான்.

உங்களுக்கு அவகாசம் இருக்கும்போது, அவர் முன்னால் காலி இடம் இருக்கும்போது கொடுங்கள். தட்டையாக, ஐஸை விட்டு எழும்பாமல், அவர் ஸ்டிக்கின் முன்கைப் பக்கத்துக்கே. பக் ஓரிரு அடி பின்னால் போனால்கூட அவர் நின்று திரும்பி எடுக்க வேண்டியிருக்கும், அதற்குள் வேலை முடிந்துவிடும். டிஃபென்ஸிலிருந்து டிஃபென்ஸுக்குப் போகும் பாஸைச் சொந்த வலைக்கு முன்னால் குறுக்கே போடாதீர்கள், வலைக்குப் பின்னால் போடுங்கள். தவறினாலும் பின்னால் தவறட்டும்.

முழுக்க அவரைத் தவிர்த்துவிட்டு ஆடினால் என்ன ஆகும் என்றால், பக்கைப் பறிக்க முன்னேறி வரும் எதிராளிக்கு (ஃபோர்செக்கர்) உங்களை மட்டும் மூடினால் போதும் என்று ஆகிவிடும். பாதி மைதானத்தை நீங்களே எதிரணிக்கு எழுதிக் கொடுத்த மாதிரி.

அவர் மூலையில் பக் விழுந்தால் நான் எடுக்கலாமா?

நடுவில் விழுந்தால், யாருடையது என்று தெரியாத பக் என்றால், சத்தமாக 'என்னுது' என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். தெளிவாக அவர் மூலை என்றால் அவர்தான் போக வேண்டும். நீங்கள் வலை முன்னால் வந்து, அவரை யார் துரத்துகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கோலி வெளியே வந்து பக்கை நிறுத்தி வைக்கக்கூடியவர் என்றால் உங்கள் பாதித் தலைவலி அங்கேயே தீரும், அவரிடம் இதைக் கேட்டு வையுங்கள்.

துரத்தி வருகிறவனை வழியில் மறித்துத் தாமதப்படுத்தத் தோன்றும். உங்கள் பாதையில் நீங்கள் ஸ்கேட் செய்துகொண்டு போவது வரை சரி. திரும்பி நின்று முட்டினால், கையால் பிடித்தால், இடையூறு என்று நடுவர் கையைத் தூக்குவார்.

ஐஸில் என்ன பேச வேண்டும்?

நிறைய, ஆனால் சின்னச் சின்னதாக. பக்கை எடுக்கப் போகிறவருக்கு முதுகு மைதானத்தைப் பார்த்திருக்கும். அவருடைய கண் நீங்கள்தான். 'ஆள்' என்றால் பின்னால் நெருங்கிவிட்டான், ஒரே தொடுதலில் அனுப்பு. 'நேரம்' என்றால் பதறாதே, திரும்பிப் பார். 'சுத்து' என்றால் வலையைச் சுற்றிக்கொண்டு போ. 'திருப்பு' என்றால் வந்த வழியிலேயே பின்னால் விடு, நான் இருக்கிறேன். எந்தச் சொல் என்பது முக்கியமில்லை, இருவருக்கும் ஒரே அர்த்தம் இருக்க வேண்டும், ஒரு அசை இரண்டு அசைக்கு மேல் போகக் கூடாது.

நேரம் முக்கியம். பக் அவர் ஸ்டிக்கில் பட்ட பிறகு சொல்வது விமர்சனம்தான். அவர் பக்கை அடைவதற்கு ஒரு நொடி முன்னால் சொன்னால் மட்டுமே பயன். 'ஐயோ', 'டேய்', 'ஏய் ஏய் ஏய்' இதெல்லாம் தகவல் இல்லை. தயவுசெய்து கத்தாதீர்கள்.

இன்னொன்று, முடிவெடுக்கும் சுமையை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள இதுவே வழி. தடுமாறுகிறவர்களில் பலருக்குக் கை கால் அவ்வளவு மோசம் இல்லை, எதைச் செய்வது என்று யோசிப்பதிலேயே நேரம் போகிறது. நீங்கள் யோசித்துச் சொன்னால் அவர் செய்துவிடுவார்.

எதிரணி வேகமாக வரும்போது என் ஜோடி ரொம்பப் பின்னால் போய்விடுகிறார். நான் முன்னாலேயே நிற்கட்டுமா?

இது நுணுக்கமான விஷயம். தாக்கி வருகிறவனுக்கும் தடுப்பவருக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் கேப் என்கிறோம். நன்றாகப் பின்னோக்கி ஸ்கேட் செய்யத் தெரிந்தவர் அதை ஒரு ஸ்டிக் நீளம், இரண்டு ஸ்டிக் நீளத்துக்குள் வைத்துக்கொள்வார். பயந்தவர் நீலக்கோட்டை அப்படியே கொடுத்துவிட்டுப் பின்வாங்குவார். அப்போது நீங்கள் மட்டும் கோட்டிலேயே நெஞ்சை நிமிர்த்தி நின்றால் இருவருக்கும் நடுவில் சாய்வாக ஒரு பெரிய சந்து திறக்கும், பாஸ் அதில்தான் வரும். கால்பந்து பார்த்துப் பழகியவர்கள் முன்னால் நின்றால் ஆஃப்சைடு பொறி ஆகும் என்று நினைப்பார்கள். இங்கே ஆஃப்சைடுக்குக் கணக்கு நீலக்கோடும் பக்கும்தான், டிஃபென்ஸ் எங்கே நிற்கிறது என்பது கணக்கிலேயே இல்லை.

பக் உங்கள் பக்கம் வந்தால் உங்கள் கேப்பை நீங்கள் இறுக்குங்கள், அது உங்கள் பலம், விட வேண்டாம். பக் அவர் பக்கம் இருந்தால் அவர் ஆழத்துக்கு நீங்களும் கொஞ்சம் இறங்கிக்கொள்ளுங்கள். அவர் பின்வாங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வேகம் போதாதது. எதிரணி பக்கை எடுத்த உடனேயே, மற்றவர்களைவிட ஒரு நொடி முன்னதாகவே பின்னோக்கிக் கிளம்பச் சொல்லுங்கள். வேகம் ஏற்கனவே ஏறியிருந்தால் கடைசி நேரத்தில் அவ்வளவு இடம் கொடுக்கத் தேவைப்படாது. கூடவே, ஸ்டிக்கை ஒரு கையில் நீட்டி ஐஸில் வைத்து, ஆளை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பக்கைப் பறிக்க வேண்டாம், வெளியே தள்ளினால் போதும்.

நான் தாக்குதலில் சேர்ந்துகொள்ளும் ரகம். அதை விட்டுவிட வேண்டுமா?

முழுசாக வேண்டாம், அளவைக் குறையுங்கள். எதிரணிப் பகுதியில் சுவரோரம் வெளியே வரும் பக்கை மறிக்க நீலக்கோட்டிலிருந்து இறங்குவதைப் பிஞ்ச் என்பார்கள். நீங்கள் இறங்கித் தவறவிட்டால் பின்னால் மிச்சம் இருப்பது உங்கள் ஜோடி தனியாக, எதிரே இரண்டு பேர். உங்கள் அணியின் மிகப் பலவீனமான ஒருவரை மிகக் கடினமான நிலையில் நிறுத்திவிட்டு நீங்கள் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு வருவீர்கள். மூன்றாவது ஃபார்வர்டு மேலே நிற்கிறாரா என்று பார்க்காமல் இறங்கவே இறங்காதீர்கள்.

இதைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள். இறங்கட்டும் என்று அவரை விடலாம். அவர் பிஞ்ச் செய்து தவறினால் பின்னால் நிற்பது நீங்கள், இரண்டு பேர் வந்தாலும் சமாளிக்கக்கூடியவர். கோச்சுகள் இதற்கு நேர்மாறாகத்தான் சொல்வார்கள், திறமைசாலி இறங்கட்டும், மற்றவர் காவல் நிற்கட்டும் என்று. காவல்தான் கடினமான வேலை என்பது என் கருத்து. அவருக்கும் பக்கைத் தொட்டு ஆட ஒரு வாய்ப்புக் கிடைக்கும், நம்பிக்கை வரும்.

இரண்டுக்கு ஒன்று (எதிரணி இரண்டு பேர், நம் டிஃபென்ஸ் ஒருவர்) வந்துவிட்டால்?

நீங்கள் தனியாக இருந்தால்: நடுவில் இருங்கள், ஸ்டிக் பாஸ் போகும் வழியில், பக்கோடு வருகிறவன் ஷாட் அடிக்கட்டும், அதைக் கோலி பார்த்துக்கொள்வார். உங்களுக்கு இது தெரிந்திருக்கும். அவருக்கும் இதே விதியை மட்டும் சொல்லுங்கள், மேற்கொண்டு எதுவும் வேண்டாம். சீக்கிரமே படுத்துச் சறுக்குவதுதான் அவர் செய்யக்கூடிய பெரிய தப்பு. அவர் தனியாக நிற்கிறார், நீங்கள் திரும்பி ஓடி வருகிறீர்கள் என்றால் பக் இல்லாதவனைப் பிடியுங்கள், அவன் ஸ்டிக்கைத் தூக்குங்கள்.

ஃபார்வர்டுகள் உதவ முடியுமா?

சென்டரிடம் (நடுவில் ஆடும் ஃபார்வர்டு) பேசுங்கள். சொந்தப் பகுதியில் சென்டர் கீழே வரை இறங்கி வருவது எப்படியும் அவர் வேலைதான். உங்கள் ஜோடியின் மூலைப் பக்கம் அவரைக் கொஞ்சம் அதிகமாகச் சாயச் சொன்னால் அங்கே எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள், நீங்கள் வலை முன்னாலிருந்து நகர வேண்டியதில்லை. அந்தப் பக்க விங்கர் சுவரோரம் சற்றுக் கீழே நிற்கட்டும், பாஸ் குட்டையாக இருந்தால் போய்ச் சேரும். இதையெல்லாம் உங்கள் ஜோடி முன்னாலேயே, எல்லோருக்குமான திட்டமாகச் சொல்லுங்கள், அவர் காதுக்குப் படாமல் கிசுகிசுக்காதீர்கள்.

சோர்வு, ஷிஃப்ட் (ஒருவர் ஒரே தடவையில் ஐஸில் ஆடும் நேரம்) மாற்றம் பற்றி?

பலவீனமானவர் சோர்ந்தால் இன்னும் பலவீனம். அவர் மூச்சு வாங்குவது தெரிந்தால் நீங்களும் சேர்ந்தே வெளியே போங்கள். இரண்டாவது பீரியடில் கவனம் வேண்டும். அணிகள் பக்கம் மாறுவதால் டிஃபென்ஸுக்கு பெஞ்ச் தூரமாகிவிடும், சொந்தப் பகுதியில் மாட்டிக்கொண்டால் மாறவே முடியாது. தப்பிக்க ஐசிங் (நடுச் சிவப்புக்கோட்டுக்கு முன்பிருந்தே எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பக்கை அடிப்பது) அடிக்கலாம் என்றால், என்.எச்.எல். உட்படப் பல லீக்குகளில் ஐசிங் அடித்த அணி ஆள் மாற்றக் கூடாது. அதே சோர்ந்த கால்களோடு முகாடலுக்கு நிற்க வேண்டும். சிவப்புக்கோடு தாண்டி ஆழமாகப் பக்கை அனுப்பிவிட்டு மாறுவதே நல்லது.

தப்புச் செய்து கோல் விட்டுவிட்டார். பெஞ்சில் என்ன சொல்ல?

முதல் ஒரு நிமிடம் ஒன்றும் வேண்டாம், தண்ணீர் பாட்டிலைக் கொடுங்கள். என்ன நடந்தது என்று அவருக்கும் தெரியும். அப்புறம், அடுத்த ஷிஃப்டில் செய்யக்கூடிய ஒரே ஒரு விஷயம்: 'அடுத்த தடவை சுவருலயே அடிச்சிடு, நான் கீழ இருக்கேன்.' ஐஸில் கையை விரித்துக்காட்டுவது, வானத்தைப் பார்ப்பது, ஸ்டிக்கைப் போர்டில் அடிப்பது எல்லாம் மொத்த அரங்குக்கும் தெரியும். எதிரணிக்கும்தான், அடுத்த பக்கை எந்த மூலையில் போடுவது என்று நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள்.

பெரிய ஆட்டத்தில் இப்படி ஜோடிகள் உண்டா?

அந்த மட்டத்தில் 'பலவீனம்' என்பதே வேறு. ஆனாலும் என்.எச்.எல். டிஃபென்ஸ் ஆட்டக்காரர் லாரி மர்ஃபியைப் பாருங்கள். டொராண்டோவில் சொந்த ரசிகர்களே அவரைக் கூச்சலிட்டு வெறுப்பேற்றிக்கொண்டிருந்தார்கள், வேகம் இல்லை என்று. 1997 மார்ச்சில் டெட்ராய்ட்டுக்குப் போனார், நிக்லஸ் லிட்ஸ்ட்ரோமோடு ஜோடி சேர்ந்தார். அந்த வருட இறுதிச்சுற்றில் பிலடெல்பியாவின் எரிக் லிண்ட்ராஸ் வரிசை (சேர்ந்து ஆடும் மூன்று ஃபார்வர்டுகள்) உடம்பால் இடித்து நொறுக்கும் வரிசை. அவர்களுக்கு எதிராக முரட்டு ஆட்களை விடுவார் என்று எல்லோரும் எதிர்பார்க்க, கோச் ஸ்காட்டி போமன் இந்த இருவரை இறக்கினார். இடிப்பதற்குள் பக் கைமாறிப் போய்விடும். டெட்ராய்ட் 4-0 என்று வென்றது. மர்ஃபிக்கு வேகம் வந்துவிடவில்லை. சரியான இடத்தில் நிற்கிற, எளிமையாகப் பாஸ் கொடுக்கிற ஒருவர் பக்கத்தில் இருந்தார், அவருக்குத் தெரிந்த நல்ல ஆட்டம் வெளியே வந்தது. லிட்ஸ்ட்ரோம் பின்னாளில் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பையை ஏழு முறை வாங்கினார், அவ்வளவும் பெரும்பாலும் இடத்தாலும் ஸ்டிக்காலும்.

அனுபவ வித்தியாசம் என்றால் பாஸ்டனில் 2017-18 பருவம். 40 வயது ஸ்டேனோ சாராவும், பருவம் தொடங்கும்போது 19 வயதே ஆன சார்லி மெக்காவாயும் ஜோடி. பின்னால் 6 அடி 9 அங்குலத்துக்கு ஒருவர் நின்றால் சின்னவர் துணிந்து பக்கைக் கொண்டுபோகலாம்தானே.

பலவீனமான ஆள் நான்தான் என்றால்?

எளிமையாக ஆடுங்கள், வலைக்கும் எதிராளிக்கும் நடுவில் இருங்கள், முதல் பாஸை மட்டும் ஒழுங்காகக் கொடுங்கள். உங்களால் எது முடியும் எது முடியாது என்று ஜோடியிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: 'பின்கையில வந்தா சுவருல அடிச்சிடுவேன்.' இது தெரிந்தால் அவர் விங்கரை அங்கே நிற்க வைப்பார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள், கேட்கிறவருக்கும் அலுத்துவிடும்.

ஜோடியை மாற்றச் சொல்லி கோச்சிடம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் காரணத்தை யோசித்துவிட்டுக் கேளுங்கள். ஒரு அணியில் வழக்கமாக ஆறு டிஃபென்ஸ், மூன்று ஜோடி. உங்களை அவரோடு போட்டிருப்பது, மற்ற இரண்டு ஜோடியும் உடையாமல் இருக்க நீங்கள் ஒருவர்தான் அதைத் தாங்குவீர்கள் என்று கணக்குப் போட்டுத்தான் இருக்கும். இருவருக்கும் ஒரே குறை, உதாரணமாக இருவருமே மெதுவாகத் திரும்புகிறவர்கள் என்றால், மாற்றச் சொல்வது சரியான கோரிக்கை. 'அவரோட ஆடினா என் புள்ளி குறையுது' என்பதற்காக என்றால் கோச் சிரித்துவிட்டு அடுத்த ஆட்டத்திலும் அவரோடுதான் போடுவார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.